மூன்றாவது வாசல் தண்ணீர்

எங்கள் லைனில் மாரக்காளைச் சண்டைக்காரி என்பார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேவூர்ப் பக்கம் பிறந்தவள். பனியன் கம்பெனியில் தைத்த துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை. புருஷன் விட்டுப் போய் இரண்டு வருடம், நாலு வயதில் ஒரு மகள். நான் பார்த்தவரை எந்த வம்புக்கும் போகாதவள்.

தொண்ணூற்று மூன்றில் நல்லூரில் எங்கள் லைன் வீட்டு அடிபம்பில் சாயப்பட்டறைக் கழிவு கலந்து சிவப்பாகச் சாயத்தண்ணீர் வர ஆரம்பித்தது. குளித்தால் உடம்பு எரியும். மாரக்காளின் மகளுக்குக் காலிலிருந்து கழுத்துவரை புண். நல்ல தண்ணீரில் கழுவினால்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளைக்கு ஒரு தரம் வரும் லாரித் தண்ணீர் குடிக்கவே காணாது. மழையை விட்டால் வேறு வழியில்லை.

ஆறு வீட்டுக்கும் ஒரே சிமெண்ட் ஷீட் கூரை. வாசலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே மூன்றடிதான். ஆளுக்கு ஒரு டிரம் வைக்கலாம். அதன் வாயில் பனியன் வேஸ்ட் துணியைக் கட்டி வைப்போம். அவரவர் வாசலுக்கு நேரே ஒழுகுவது அவரவருக்கு. அதில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை.

ஐப்பசியில் தண்டாயுதபாணி வைத்தான். முதல் வீட்டுக்காரன், லைன் ஓனருக்கு மச்சான் என்கிற திமிர். தகரத்தை மடித்து முதல் மூன்று வாசலுக்கும் சேர்த்துக் கூரை நுனியில் அடித்து, தண்ணீரைத் தன் டிரம்முக்குத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது வாசல் என்னுடையது, மூன்றாவது மாரக்காளுடையது. வம்பு எதற்கென்று நான் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. மாரக்காளின் டிரம்மில் ஒரு சொட்டு விழவில்லை.

"அண்ணா, அந்தத் தகரத்தைக் கழட்டிப் போடுங்க. புள்ளைக்கு மேலெல்லாம் புண்ணுங்க," என்றாள்.

"மழை என்ன உன்ற அப்பன் ஊட்டுச் சொத்தா? போடி உள்ள."

அவள் தகரத்தைப் பிடித்து இழுத்தாள். அவள் வாசல் பக்கத்துத் துண்டு பிய்ந்து தொங்கியது. தண்டாயுதபாணி அதையே பிடுங்கி அவள் தலையில் அடித்தான். காது கிழிந்தது. விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். அவள் டிரம்மும் கவிழ்ந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்ட பிள்ளையின் மேலெல்லாம் ரத்தம். மாரக்காள் பிள்ளையைத் தள்ளிவிட்டு, கைக்கு எட்டிய அம்மிக்குழவியை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் மழையிலும் கேட்டது. அதோடும் விடவில்லை. அவன் டிரம்மை அடித்து அடித்து உடைத்தாள். தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போனது.

லைனே கூடி நின்றது, ஒருவரும் விலக்கிவிடவில்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை. மீதித் தகரம் என் வாசல் பக்கம் சரிந்து தண்ணீரைக் கொட்டியது. அவர்கள் அடித்துக்கொண்டிருக்க, நான் குடத்தை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. காதில் தையலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒரு கொடம் இருந்தாக் குடுங்க. புள்ள மேல ரத்தம் காஞ்சு போயிருக்குது, கழுவி உடோணும்."

ஏழு குடம் கட்டிலுக்கடியில் இருந்தது.

"இல்லியே கண்ணு," என்றேன்.

நம்பிவிட்டாள். அடிபம்பை அடித்து, அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே பிள்ளையைக் கழுவினாள். பிள்ளை அலறிய அலறல் பொறுக்காமல் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.