அடிபட்டால் நிற்கும் ரோபோ

சந்தியாவுக்கு அன்று காலையில் இட்லி இறங்கவில்லை. ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே, மலையேற அலிபிரி பக்கம் நடந்து போகிறவர்களின் கோவிந்தா சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களில் யாருக்கும் இன்றைக்குப் பரீட்சை இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு லேபுக்குக் கிளம்பினாள்.

ப்ரோகிராமிங் லேப் ஒன்றுதான் அவளுக்குப் பாக்கி. மற்றதெல்லாம் தேறிவிட்டாள். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்திருந்தது. ஆனால் ஒரு பேக்லாக் இருந்தாலும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நகரியில் அவள் அப்பா தேவேந்திரன், அவளுக்கு நைனா, விசைத்தறி ஓட்டுகிறவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் சந்தியா. இன்றைக்குப் பரீட்சை என்று அவருக்குத் தெரியும். எப்படிப்பட்ட பரீட்சை என்று அவளால் விளக்க முடியவில்லை. ஒரு ரோபோ சண்டை போடும், நான் கையை வைக்கக்கூடாது என்றாள். அப்போ நீ எதுக்கும்மா அங்க என்று அவர் கேட்டார்.

கேள்வி சரிதான். லேப் வெங்கடலட்சுமி மேடத்தின் பொறுப்பு. பின்னால் வீங்கிய மானிட்டர்கள் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றை அவர் தூக்கிப்போட விடாமல் வைத்திருந்தார். அவற்றில் இன்டர்நெட் கிடையாது; காப்பி அடிக்க வழியே இல்லை. கம்ப்யூட்டர்கள் வந்த புதிதில் விளையாடிய ஒரு விளையாட்டு அவற்றில் இருந்தது. எப்படித் தேடுவது, எப்படிச் சுடுவது, எப்படித் தப்புவது என்று ஒவ்வொருவரும் தன் ரோபோவுக்கு எழுதிவைக்க வேண்டும். திரையில் அது ஒரு சின்னச் சதுரம், பக்கத்தில் அதன் சேதக் கணக்கு, அவ்வளவுதான். ஆரம்பித்த பிறகு எழுதினவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். பேக்லாக் உள்ளவர்களுக்கு மேடம் வைத்த பரீட்சை இதுதான்: நேரம் முடியும்வரை ரோபோ உயிரோடு இருக்க வேண்டும், பிறகு அதை ஏன் அப்படி எழுதினோம் என்று வைவாவில் மேடத்திடம் வாயால் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்கு முன் ஒத்திகை பார்க்க விட்டார்கள். சந்தியாவின் ரோபோ செத்தது. மறுபடி விட்டாள், மறுபடி செத்தது. குறிதான் தப்புகிறது என்று சுடுகிற கணக்கையே மாற்றி மாற்றி எழுதினாள். பின்னால் நின்றிருந்த வகுப்புத் தோழன் சிரஞ்சீவி, நீயேதான் எழுதினாயா, காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வந்து சத்தியம் பண்ணு பார்ப்போம் என்று தெலுங்கில் சீண்டினான். மதியம் அவளோடு மோதப்போவது அவனுடைய ரோபோதான். அதன் கையில் மாட்டி யாருடையதும் பிழைத்ததில்லை.

கண்டுபிடித்தது ரேஷ்மா. அவள் சத்தியவேடு பக்கத்துப் பெண், சந்தியாவின் ரூம்மேட். பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலையைத் துன்னுக்கினே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, அடி வாங்கினதும் நின்னுக்கினு யோசிக்குது? அடிச்சவன் சும்மாவா இருப்பான்?"

சந்தியா ப்ரோகிராமைத் திறந்து பார்த்தாள். அடிபட்டால் என்ற இடத்துக்குக் கீழே முதல் வரியே நில் என்றிருந்தது. அதற்கப்புறம்தான் அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தேடு, அதற்கப்புறம் நகரு. எழுதினபோது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஓடுகிற தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் முதலில் தறியை நிறுத்த வேண்டும், பிறகு அறுந்த இடத்தைத் தேட வேண்டும், பிறகு முடிச்சுப் போட வேண்டும். நிறுத்தாமல் ஓடவிட்டால் துணி முழுக்க வீண். அவள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, கை தானாகப் போகும். அந்தக் கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

அழித்துவிட்டு ஓடு என்று எழுதச் சொன்னாள் ரேஷ்மா. சொல்வது சுலபம். சேதத்தோடு, எங்கே சேதம் என்று பார்க்காமல், ஓடிக்கொண்டே இரு என்று எழுத சந்தியாவுக்கு உடம்பு கூசியது. அழித்தாள். திரும்பப் போட்டாள். மேடம் நேரமாகிறது என்று குரல் கொடுத்த பிறகுதான் கடைசியாக அழித்தாள். தூரத்துச் சுவரைப் பார்த்து ஓடு, சுவர் நெருங்கினால் திரும்பு என்று அவசரமாக அடித்தாள். ஓடிக்கொண்டே சுடுவதற்கு எழுத நேரமில்லை.

மதியம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சிரஞ்சீவியின் சதுரம் மெதுவாக வட்டமடித்துத் தேடியது. கண்டுபிடித்ததும் சுட்டது. அடி விழுந்த அந்த நொடியில் சந்தியாவின் வலது கை துப்பட்டாவை விட்டு முன்னால் நீண்டது, தறியை நிறுத்தப் பார்ப்பதுபோல. ரோபோ நிற்கவில்லை. ஓடியது. ஒரு மூலையில் திரும்பும் கணக்குப் பிசகி சுவரில் மோதியது, சேதம் ஏறியது. மறுபடி ஓடியது. சண்டைக்குச் சேவலை விடாமல் கோழியை விட்டிருக்கிறாள் என்று யாரோ தெலுங்கில் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கேயோ தூரத்தில் கேட்டது. இன்னும் ஒரு அடி விழுந்தால் முடிந்தது. சென்னை இல்லை. நைனாவிடம் என்ன சொல்வது? குண்டு ஒன்று பக்கத்தில் வெடித்தது, இன்னொன்று பின்னால்.

திரை உறைந்தது. நேரம் முடிந்திருந்தது. மூலையோரம் அவளுடைய சதுரம் இன்னும் இருந்தது.

வைவாவில் மேடம் தமிழுக்கு மாறினார். அவர் சித்தூர்க்காரர், பயந்து நடுங்குகிற தமிழ்ப் பிள்ளைகளிடம் அப்படித்தான் பேசுவார்.

"யாரு சுட்டாங்கன்னே பாக்காம ஓடுதே, உன் யோசனையா இது?"

காலை வரை நிற்கிற மாதிரிதான் எழுதியிருந்தேன் என்றாள் சந்தியா. தறியைப் பற்றிச் சொன்னாள். நிற்பதைக் கண்டுபிடித்தது ரேஷ்மா என்பதையும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, அதற்கே மார்க் போய்விடுமோ என்று தோன்றியது. மேடம் சிரிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. வரிகளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார்.

"சரி, இது எங்க நிக்கும்?"

சந்தியா பார்த்தாள். நில் என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை.

"எங்கயும் நிக்காது மேடம்."

"தெரிஞ்சுக்கினு சொல்ற. போதும், பாஸ்." பேனாவை மூடியவர் நிமிர்ந்தார். "பிழைச்ச ரோபோவையெல்லாம் நாளைக்கு ஒண்ணா மோத விடப்போறேன். உனக்குக் கட்டாயம் கிடையாது. உன் பேரப் போடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லலாம். வேலை கையில் இருக்கிறது, இதற்கு மேல் இழக்க ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லையே, ஏன்?

"போடுங்க மேடம்" என்றாள்.

வெளியே ரேஷ்மா காத்திருந்தாள். பாஸ் என்று கேட்டதும் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகிப் பார்த்தாள்.

"அப்புறம் ஏண்டி மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

நாளைக்கும் பேர் கொடுத்திருப்பதைச் சொன்னாள். உனக்குப் பைத்தியம் என்றாள் ரேஷ்மா. இருக்கலாம். நைனாவுக்குப் போன் போட்டு, முடிந்தது, தேறிவிட்டேன் என்றாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு லேபுக்குள் போய் அந்தப் பழைய மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஓடு என்ற வரிக்குக் கீழே, ஓடிக்கொண்டே சுடுவதற்கான முதல் வரியை எழுத ஆரம்பித்தாள். பயத்தில் விசைகளை அளவுக்கு மேல் அழுத்தியதால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தடவை விழுந்தது. அழித்து அழித்து எழுதினாள்.