சார்ஜென்ட் லும்கிலேயின் மூன்று செடிகள்

முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற சார்ஜென்ட் லும்கிலே எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தென்னாப்பிரிக்காவில் எங்கள் லுசிகிசிகி மலைச்சரிவுகளில் எந்த வருடம் எத்தனை கஞ்சாச் செடி பிடுங்கி எரித்தார் என்பதை இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்.

பிறகு நீதிமன்றம், சொந்த வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வளர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. ஊரே வேலியோரம் நட்டது. இலை மஞ்சளானால் யாரிடம் கேட்பது? காலமெல்லாம் கஞ்சாவோடு பழகிய சார்ஜென்ட்டிடம்தானே!

தனக்குத் தெரியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இலையை வெளிச்சத்தில் பிடித்து, "எப்போலேருந்து இப்படி? முதல்ல பாத்தது யாரு?" என்று விசாரிப்பார். விசாரணை முடிந்ததும், "உரம் பத்தல" என்பார். எல்லோருக்கும் அதே தீர்ப்புதான். பாதிப் பேருக்கு எப்படியோ சரியாயிற்று. மீதிப் பேர் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை.

இந்தப் புகழோடு அவரும் மூன்று செடி நட்டார். அடியிலைகள் வெளிறின. பட்டியிலிருந்து பச்சைச் சாணத்தை அள்ளிப் போட்டார். இலை நுனிகள் கருகின. சூடு தணியட்டும் என்று தினமும் செடிக்கு இரண்டு வாளி ஊற்றினார். இலைகள் துவண்டு தொங்கின. யாரோ சாம்பல் நல்லது என்றார்கள். அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டினார். இப்போது உச்சியில் வந்த புதுத்தளிர்கூட மஞ்சள்; நரம்பு மட்டும் பச்சை.

அவர் மனைவி புமேசா ஜன்னலிலிருந்து கேட்டாள்: "செடிய வளக்குறீங்களா, இல்ல அடிச்சு உண்மைய வரவழைக்கிறீங்களா?"

மறுநாள் அவர் ஒரு தளிரைப் பழுப்பு உறைக்குள் போட்டு, பழக்கதோஷத்தில் மேலே தேதியும் எழுதி, டாக்ஸி நிலையத்துக்கு எதிரே நாற்று விற்கும் நோசாகேலேயிடம் போனார். அவளுடைய கஞ்சாத் தோட்டத்தை இரண்டுமுறை அழித்தவர் அவர். இரண்டாம் முறை அவளைச் சிறைக்கும் அனுப்பியவர். நான் அப்போது அங்கே தக்காளி நாற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இத கொஞ்சம் பாரும்மா."

"அம்மாவா? அன்னைக்கு 'ஏய்'னுல்ல கூப்பிட்டீங்க சார்ஜென்ட்டு?" அவள் உறையைப் பிரித்தாள். "யாரு செடி?"

"தெரிஞ்சவரு ஒருத்தர்து."

"அந்தத் தெரிஞ்சவரு சாம்பலக் கொட்டியிருக்காரு. மண்ணு காரமாயிருச்சு. இரும்புச்சத்து மண்ணுல கெடந்தும் செடியால எடுக்க முடியல. தண்ணியும் ரொம்ப விடுறாராக்கும்?"

"கொஞ்சமாத்தான்."

"எத்தன வாளி?"

சார்ஜென்ட் என்னைப் பார்த்தார். நான் நாற்றைப் பார்த்தேன்.

"ரெண்டு," என்றார்.

அன்று மாலையே அவள் வந்தாள். மண்ணுக்குள் விரலை விட்டு, எடுத்து முகர்ந்தாள். சாம்பல் படிந்த மேல்மண்ணை வழித்து எறிந்து, மக்கிய இலையைப் பரப்பினாள். "விரல்ல ரெண்டு கணு ஆழத்துக்குக் காயிற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. மஞ்சளானது மஞ்சளானதுதான், அதையே பாத்துட்டு நிக்காதீங்க. புதுசா வர்ற இலை பச்சையா வருதான்னு பாருங்க."

சார்ஜென்ட் இரண்டு வாரம் வாளியைத் தொடவில்லை. தினமும் காலையில் விரலை மட்டும் மண்ணில் விட்டுப் பார்ப்பார். மூன்று செடியிலும் தளிர் பச்சையாக வந்தது. பிறகு ஒன்றின் கணுக்களில் சின்ன உருண்டைகள் தெரிந்தன. நோசாகேலேயை மறுபடி அழைத்தார்.

"இது ஆண் செடி. விட்டா மத்த ரெண்டும் விதை பிடிச்சு வீணாப் போயிரும். பிடுங்கிருங்க."

அவர் குனிந்து தண்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். "இப்பத்தானே தேறுச்சு," என்றார்.

"தள்ளுங்க சார்ஜென்ட்டு." அவள் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

புமேசா முற்றத்திலேயே சோளக் களியும் புளித்த பாலும் வைத்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. சார்ஜென்ட் இரண்டுமுறை தொண்டையைச் செருமினார்.

"நோசாகேலே... அந்தக் கேஸுல..."

"புமேசா, உப்பு கொஞ்சம் குடு," என்றாள் நோசாகேலே.

உப்பை எடுத்துக் கொடுத்தது சார்ஜென்ட்தான். வீட்டுக்குப் போகும் கடைசி டாக்ஸி கிளம்பும் நேரம்வரை அவள் அங்கேயே உட்கார்ந்து, கீரையில் புழு விழுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.