அண்ணி இழுத்த நாற்காலி

என் அண்ணன் மனைவி மேனேஜரின் நாற்காலியைப் பிடித்து இழுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். சக்கரம் வைத்த நாற்காலி. அவரோடு சேர்ந்தே உருண்டு வந்தது. "அலமாக், என்னம்மா இது!" என்று மலாயும் தமிழுமாக அலறினார். அன்றுதான் அவர் வாயில் தமிழ் கேட்டேன். நம் ஆள்தான், ஆனால் எங்களிடம் ஆங்கிலம்தான் பேசுவார்.

அண்ணியும் நானும் வேலை பார்த்தது பாசிர் கூடாங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் தொழிற்சாலை. எங்கள் மேசைக்கு மேலே, பசை நெடியை வெளியே இழுக்கும் விசிறி நின்றுபோயிருந்தது. மத்தியானத்துக்குள் கண் எரியும். அண்ணிக்கு எதிரே நிற்பவர் முகமே மங்கிவிடும். போய்ச் சொன்னோம். "வீ வில் லுக் இன்டு இட்" என்றார் மேனேஜர். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆபிஸ் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "உள்ள எறங்கி, என்ன கோளாறுன்னு தேடிப் பாக்கறது, அக்கா" என்றாள். நம்பினோம். நம்பினோமே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் அவருடைய கார் சாவியைக் காணோம். "லுக் ஃபார் மை கீ!" என்று கத்தினார். இதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தி எங்களை முட்டி போட வைத்தார்கள். மேசைக்கடியில், குப்பைத்தொட்டியில், பசை காய்ந்த தரையில் தடவித் தேடினோம். கடைசியில் சாவி அவர் இழுப்பறையிலேயே கிடந்தது. "ஓகே லா, கோ பேக்" என்றார்.

அண்ணி நகரவில்லை. "உங்க சாவிய நாங்க தேடினோம்ல? எங்க கண்ணு ஏன் போகுதுன்னு இப்ப நீங்க வந்து தேடுங்க சார்" என்றார். மேனேஜர் சிரித்தார். அப்போதுதான் நாற்காலி உருண்டது.

மேனேஜர் எழுந்து வந்து எங்கள் மேசையருகே நின்றார். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அந்த வாரமே புது விசிறி வந்தது. அண்ணியைக் கழிவறை கழுவ மாற்றினார்கள். மரியாதையில்லாமல் நடந்துகொண்டாராம். எங்களை முட்டி போட வைத்தபோது அந்த மரியாதை எங்கே போயிருந்தது? நான் கொதித்தேன். அண்ணியோ, "பினாயில் வாடை பரவால்ல புள்ள, அங்க சன்னலாச்சும் இருக்கு" என்று சிரித்தார்.

இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கே குறை சொன்னாலும் அதே "வீ வில் லுக் இன்டு இட்"தான் பதிலாக வருகிறது. கேட்டதும் எனக்குச் சுரீர் என்கிறது. அந்த விசிறியின் கீழே, வேலையை விடும்வரை நான் நல்ல காற்றைச் சுவாசித்தேன். அதை வாங்கித் தந்த அண்ணி ஒரு நாள்கூட அங்கே நிற்கவில்லை.