ஆற்றுக்கு வடக்கே ஆர்டித் கூபிக்

ஆர்டித் தெற்குக் கரைப் பெண். நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டத்தின் ஊர், ஆஸ்பத்திரி, ஜனங்கள் எல்லாமே ஆற்றுக்குத் தெற்கேதான். வடக்கே மக்காச்சோளக் காடு. அதை மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும். லூமிர் கூபிக்கைக் கட்டிக்கொண்டு அவள் அங்கே போனபோது அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் இருந்தன. சனிக்கிழமை யாராவது ஒரு வீட்டில் சீட்டாட்டம் நடக்கும். நான் அந்தப் பக்கம் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டிலும் பேச்சுக் கொடுக்காமல் விடமாட்டார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகள் ஒமாஹா, டென்வர் என்று போக, பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். ஒவ்வொரு வீடு காலியாகும்போதும் லூமிர் அந்த நிலத்தை வாங்கினார். வாங்கிய கையோடு வீட்டை இடித்துக் குழியில் தள்ளி, அந்த இடத்திலும் சோளம் விதைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு வரி என்று நினைப்பவர். அவருக்கு நிலம் கூடக்கூட ஆர்டித்துக்குப் பேச ஆள் குறைந்தது.

ஆற்றுப் பாலம் பழுதானதும் சிமென்ட் கட்டைகளை வைத்து அடைத்துவிட்டார்கள். மேற்கே மணல்மேடுகளைச் சுற்றிப் போய், வேறொரு பாலம் வழியாகத்தான் ஊருக்கு வர வேண்டும். அந்த வருஷம் புதுப் பாலம் பற்றிக் கூட்டம் போட்டபோது மாவட்டக் குழுத் தலைவி வில்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"கட்டலாம் லூமிர். ஆனா யாருக்குன்னு கேப்பாங்களே. உங்க ரெண்டு பேரையும் பக்கத்து வீட்டு லியோலாவையும் விட்டா அந்தக் கரையில யாரு இருக்கா?"

லூமிர் எழுந்தார். "இருக்கிறவங்களையும் விரட்டத்தான் பாலத்தை அடைச்சீங்களா?"

பக்கத்தில் இருந்த ஆர்டித் தலையைத் தூக்காமல் பேசினாள். "அவங்க விரட்டல, லூமிர். வீட்டையெல்லாம் இடிச்சது நாமதானே."

யாரோ இருமினார்கள். பாலம் வரவில்லை.

அடுத்த வசந்தத்தில் லியோலாவும் மகளோடு போய்விட்டாள். நான் அவள் தபால் பெட்டியைக் கழற்றப் போன அன்று, லூமிர் புல்டோசரோடு வந்து நின்றார். ஆர்டித் உள்ளே, காலி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய வா, ஆர்டித்."

"மாட்டேன். இங்க குடி வைக்கப்போறேன்."

"இந்தக் காட்டுக்கு எவன் வருவான்?"

"வரலேன்னா அப்புறம் இடி. உன் சோளம் ஒரு வருஷம் பொறுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்தார்.

பன்றிப் பண்ணை வேலைக்காக குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியேறியது. எவெலியோ, அவன் மனைவி இல்டா, ஒரு சின்னப் பெண். ஆர்டித் வாடகை கேட்கவில்லை. இல்டாவும் அவளும் பாதி வாயாலும் பாதி கையாலும் பேசிக்கொள்வார்கள். அந்த இலையுதிர் காலம் முழுக்க ஆர்டித்தின் முகமே வேறு மாதிரி இருந்தது.

பனிக்காலத்தில் அந்தக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆர்டித்தான் வண்டி ஓட்டினாள். மணல்மேட்டில் பனி மூடி, பாதை தெரியாமல் இரண்டு முறை சிக்கிக்கொண்டார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இல்டா சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.

"பயமா இருக்குங்க" என்றாள். ஆர்டித் பெட்டிகளைக் கட்ட உதவினாள்.

அன்று மாலை லூமிரிடம் கேட்டாளாம், "நாமளும் போயிரலாமா?"

"அங்க வந்து நான் என்ன செய்வேன்? நீ வேணா போ. நான் தடுக்கல."

அவர் கோபப்பட்டிருந்தால் போயிருப்பேன் என்றாள் என்னிடம். அவருக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. இப்போது பார்வையே இல்லை; நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. அதை உழுகிறவர்கள் வெளியே எங்கிருந்தோ இயந்திரங்களோடு வந்து, யாரையும் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

போன மாதம் நான் சுற்றுவழியில் போய் அவளைப் பார்த்தேன். "ஊர்ல என் வீட்ல வந்து ஒரு மாசம் இரேன், ஆர்டித். அவரைப் பாத்துக்க ஒரு ஆளை நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

உள்ளறையில் லூமிர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒரு மாசம் வந்தேன்னா திரும்பி இங்க வரமாட்டேன்" என்றாள். "அதனாலதான் வரல."