அலியா, டைசனா: ஆறுமுகத்தாய் தள்ளிவைத்த தீர்ப்பு

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் ஆறுமுகத்தாயைத் தெரியாதவர்கள் இட்லி சாப்பிடாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சந்துகளில் பாதி வீடுகளுக்கு அவள் அரைத்த மாவுதான். கிரைண்டர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே அவள் குரல் கணீரென்று ஆகிவிட்டது. குழாயடியில் குடம் தள்ளிய சண்டையானாலும், மாடிப்படியில் செருப்பு காணாமல் போன சண்டையானாலும், "மாவுக்கார அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் மாவுக் கையோடு வந்து, இரண்டு பக்கமும் கேட்டு, யாராவது ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவாள்.

ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்தவளுக்குத் தன் வீட்டுச் சண்டை மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவள் புருஷன் இசக்கிதுரைக்கும் அவள் அண்ணன் ராஜபாண்டிக்கும் தீபாவளியோடு பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறா, வாய்க்கால் தகராறா என்றால் ஒன்றும் இல்லை. உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டை வீரன் முகமது அலியா, மைக் டைசனா என்பதுதான் தகராறு.

இருவரும் ஒரு காலத்தில் ஒரே கார்கானாப் பட்டறையில் பாக்ஸிங் கையுறை தைத்தவர்கள். இசக்கிதுரை இடக்கை தைப்பான், ராஜபாண்டி வலக்கை தைப்பார். கார்கானாவில் இருந்த டிவியில் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கூட வேலை பார்த்தவனுக்கே தங்கையையும் கட்டிக் கொடுத்தார் ராஜபாண்டி. பிறகு அவர் சான்பாடாவில் மளிகைக் கடை போட்டார். இசக்கிதுரை தாராவியிலேயே பேக் தைக்கும் பட்டறை வைத்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் ராஜபாண்டி ஹார்பர் லைன் ரயில் பிடித்து வந்துவிடுவார். மட்டன் குழம்பு கொதிக்கும். அலியும் டைசனும் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் அடித்துக்கொள்வார்கள்.

தீபாவளியன்று பேச்சு தடித்தது. "எதிராளி காதைக் கடிச்ச டைசன் பயலுக்கு வக்காலத்து வாங்குத ஆளு, எம் மக கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுக்க வேண்டாம்" என்று இசக்கிதுரை சொல்லிவிட்டான். ராஜபாண்டி பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

மகள் ஷாலினிக்குத் தை மாதம் கல்யாணம். மணப்பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் கையால்தான் விழ வேண்டும். முதல் பத்திரிகையும் அவருக்குத்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக வெற்றிலை பாக்கு பழத்தோடு போய் வைக்க வேண்டும். இசக்கிதுரை அசையவில்லை.

"மச்சான் மொதல்ல ஒரு போன் போடட்டும். நான் வாரேன்."

சான்பாடாவில் அண்ணனோ, "மாப்ள வந்து கூப்பிடட்டும். நான் வாரேன்" என்றார்.

இரண்டு பேருமே வருகிறேன் என்றுதான் சொன்னார்கள். ஒருவரும் வந்தபாடில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகை சாமி படத்துக்கு முன்னால் கிடந்தது. ஆறுமுகத்தாய் அதைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள். தாய்மாமன் இல்லாமல் மகள் மேடை ஏறுவதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

"மம்மி, சோடோ நா, விட்டுரு. மாலையை நீயே போட்டுரு" என்றாள் ஷாலினி.

"நான் போட்டா அது மாலை இல்லட்டி, பூவு" என்றாள் ஆறுமுகத்தாய்.

இந்த நேரத்தில்தான் தமிழ்ச் சங்கத்து வானமாமலை வந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சங்கம் பட்டிமன்றம் நடத்தும். ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தில் சந்தோஷம் ஆணாலா பெண்ணாலா என்றே பேசிப் பேசி, கேட்பதற்கு ஆள் குறைந்துவிட்டது. இந்த வருஷம் இளவட்டங்கள் புதுத் தலைப்பு கேட்டார்களாம். வானமாமலைக்கு மூளை எங்கெங்கோ ஓடிக் கடைசியில் இந்த வீட்டில் வந்து நின்றது.

"அலிக்கு ஒன் வீட்டுக்காரரு, டைசனுக்கு ஒன் அண்ணன். நடுவரா நீ உக்காரணும்."

"எங்க வீட்டுச் சண்டைக்கு நீங்க மைக் செட்டு கட்டுதீயளா?" என்று கேட்டாள். கேட்ட மறு நிமிஷமே அவளுக்கு வேறொன்று தோன்றியது. தங்கை வீட்டுக்கு வராத அண்ணன், டைசன் பேரைச் சொன்னால் வருவார். "சரி அண்ணாச்சி, உக்காருதேன்" என்றாள்.

பொங்கலன்று சாயங்காலம் சந்துக்குக் குறுக்கே மேடை போட்டிருந்தார்கள். கோலங்களை மிதிக்காமல் நாற்காலி போடுவதற்குள் பையன்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது. அவள் எதிர்பார்த்தபடியே ராஜபாண்டி வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக மேடை ஏறினார். வெள்ளைச் சட்டை, கையில் குறிப்பு எழுதிய தாள், முகத்தில் சிரிப்பே இல்லை. எதிர் நாற்காலியில் இசக்கிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். நடுவில் தன் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பூஜை மணியை முன்னால் வைத்துக்கொண்டு ஆறுமுகத்தாய்.

அவள் மணியை அடித்தாள்.

"பட்டிமன்றத்துல அணி பிரிக்கது நடுவர் கையில இருக்கு. டைசன் பக்கம் இசக்கிதுரை பேசுவாவ. அலி பக்கம் ராஜபாண்டி பேசுவாவ."

கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு விசிலடித்தது. ராஜபாண்டி எழுந்துவிட்டார். "ஏ தாயி, வெளையாடாத."

"மேடையில தாயி கெடையாது. நடுவர் அவர்களேன்னு சொல்லணும்."

இசக்கிதுரை மைக் முன்னால் போய்ப் பேந்தப் பேந்த விழித்தான். டைசன் என்ற பேரே வாயில் வரவில்லை. ஆனால் வருஷக்கணக்காக ஞாயிறு தவறாமல் மச்சான் சொல்லக் கேட்ட வக்காலத்து அத்தனையும் உள்ளே கிடந்ததே, அது மெல்ல மெல்ல வெளியே வந்தது. இருபது வயதில் உலகப் பட்டம் வாங்கிய பயல். தெருவில் அடிபட்டு வளர்ந்தவன். மணி அடித்து உட்காருவதற்குள் எதிராளி மல்லாந்து கிடப்பான். சொல்லச் சொல்ல அவனுக்கே வேகம் பிடித்தது. முன்வரிசைக் கிழவிகள்கூடக் கை தட்டினார்கள்.

"காதைக் கடிச்சானே, அதுக்கு என்ன சொல்லுதீரு?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான். தீபாவளிக் கதை சந்து முழுக்கத் தெரியும்.

இசக்கிதுரை மைக்கை நெருங்கினான்.

"கடிச்சான். தப்புதான். கோவம் வந்தா மனுசன் என்ன செய்தோம்னு தெரியாம செஞ்சுருதான். கடிபட்டவனே பொறவு மன்னிச்சுட்டான்." அவன் மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நானும் ஒருத்தரைக் கடிச்சேன். பல்லால இல்ல, வாயால. எனக்குப் பொண்ணு குடுத்தவரு. சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுப் போனாரு. அன்னையிலேருந்து எனக்கும் சோறு எறங்கல."

ஆறுமுகத்தாய் மணிக்குக் கை நீட்டினாள். கண் கலங்கி மணி எங்கே என்றே தெரியவில்லை.

அடுத்து ராஜபாண்டி வந்தார். கொண்டுவந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது முழுக்க டைசன். தண்ணீர் குடித்தார், இன்னொரு தரம் குடித்தார். பிறகு அலியைப் பற்றிப் பேசினார் பாருங்கள், இசக்கிதுரை பேசியதெல்லாம் எந்த மூலைக்கு! போருக்குப் போகமாட்டேன் என்று சொல்லிப் பட்டத்தையே விட்டவன் என்றார். கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியெல்லாம் வாங்கி, அடித்தவன் களைத்த பிறகு வீழ்த்தியவன் என்றார். ரிங்கில் அலியின் கால் எப்படிப் போகும் என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆடியே காட்டினார். மேடைப் பலகை அதிர்ந்தது. ஷாலினியும் தோழிகளும் போனில் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

"மச்சான், இதையெல்லாம் நான் சொல்லும்போது கேக்காத மாதிரில்லா இருப்பிய?" என்றான் இசக்கிதுரை.

"கேட்டுட்டுதான் மாப்ள இருந்தேன்" என்றார் ராஜபாண்டி.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. இப்போது இசக்கிதுரைக்கு டைசன் ஜெயிக்க வேண்டும், ராஜபாண்டிக்கு அலி ஜெயிக்க வேண்டும். மைக்கைப் பிடுங்காத குறையாக மறுபடி மோதினார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "தீர்ப்பு, தீர்ப்பு" என்று பின்வரிசை கத்தியது. ஆறுமுகத்தாய் எழுந்து மணியை அடி அடியென்று அடித்தாள்.

"தீர்ப்பு இன்னைக்குக் கெடையாது. தள்ளி வச்சிருக்கேன். எம் மக கல்யாணத்துல, தாய்மாமன் மொத மாலை எடுத்துக் குடுத்த பொறவு மணமேடையில வச்சுச் சொல்லுதேன். கேக்கணும்னு நெனைக்கவங்க அங்க வாங்க."

"நடுவர் அவர்களே, இது அநியாயம்" என்றார் ராஜபாண்டி. பிறகு மேடையிலிருந்து இறங்கி, வந்த வழியே போகாமல் தங்கை வீட்டுச் சந்துக்குள் திரும்பினார். "பொங்கல் மிச்சம் இருக்கா தாயி?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

அவர் சாப்பிட்டு முடித்த கையோடு புருஷனும் பெண்டாட்டியும் வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். சான்பாடா வரை போய் வைக்க வேண்டிய பத்திரிகை, சாமி படத்தடியிலிருந்து நேரே அவர் கைக்குப் போனது. முறை பார்க்கிற ராஜபாண்டி அதற்கும் ஒரு குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு முதல் ஆளாக வந்து நின்றார். மேளம் முழங்க மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டார். போட்ட கை இறங்குவதற்குள் தங்கை பக்கம் சாய்ந்தார்.

"இப்பச் சொல்லு. அலியா, டைசனா?"

மறுபக்கத்திலிருந்து இசக்கிதுரையும் காதை நீட்டினான். ஆறுமுகத்தாய் மகளின் மாலையை நேராக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஷாலினி வளைகாப்புக்கு வாங்க அண்ணே, சொல்லுதேன்."