இரட்டைப் பச்சைக் கோடு

குளிர்காலத்தில் காலை எட்டேமுக்காலுக்கு, வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கிற நேரத்தில், இர்யா படகுத்துறையிலிருந்து நாற்பது அடி நடந்துபோய் உறைந்த ஏரியில் துளை போடுவாள். கைத் துளைப்பானை மார்போடு அழுத்திச் சுற்ற வேண்டும். தண்ணீர் குபுக்கென்று மேலே வந்ததும், முனையில் ஆணி வளைத்த மரக்கோலை உள்ளே விட்டு, பனியின் அடிவிளிம்பில் ஆணியை மாட்டி, எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அளவு பார்ப்பாள். மூன்று இடங்களில் துளை. மூன்றில் குறைந்த அளவுதான் ஊருக்கு. "சராசரிமேல யாரும் நடக்கறதில்ல. எங்க மெல்லிசோ அங்கதான் ஆள் உள்ள போவான்" என்பாள்.

வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினி முன் உட்கார்ந்து, ஹாபலக்தி கிராமச் சங்கத்தின் இணையப்பக்கத்தில் அளவை ஏற்றுவாள். அதன் கீழே மற்றச் செய்திகள். சங்கத்துச் சவுனா என்கிற நீராவிக் குளியலறை சனிக்கிழமை நாலு மணிக்குச் சூடாகும். நூலக வண்டி வியாழன் வரும். யாரோ ஒற்றைக் கையுறை கண்டெடுத்திருக்கிறார்கள். ஊர் அஞ்சலகத்தை மூடும்வரை அதில் வேலை பார்த்தவள். பிழையில்லாமல் எழுதுவாள். ஆச்சரியக்குறி போடவே மாட்டாள்.

அளவை ஏற்றிய ஐந்தாம் நிமிடம் போன் அடிக்கும். அவுலிஸ். இருபது வருடமாகச் சங்கத் தலைவர். குளிர்காலத்தில் ஏரியின் இந்தக் கரையில் தங்குவது இவர்கள் இரண்டு பேர்தான்.

"முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே. ஜன்னல்லேருந்து பாத்தேன், நீ திருகின லட்சணத்துக்கு இருபதுகூட இருக்காது."

"வந்து நீயே திருகிப் பாரேன். முதுகு புடிச்சுக்கும்."

"எனக்கெதுக்கு? அதான் நீ இருக்கியே."

அவ்வளவுதான் பேச்சு. பல நாள்களில் இர்யா வாய்திறந்து பேசுவது அது ஒன்றுதான்.

சென்ற டிசம்பரில் இணையப்பக்கத்தில் கோடுகள் முளைத்தன. 'பனி' என்ற சொல்லுக்கு அடியில் இரட்டைப் பச்சைக் கோடு. சொடுக்கினால் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடை. 'சவுனா'வுக்கு இடை மெலியும் மாத்திரை. இறந்துபோன ஒருவரைப் பற்றி அவள் நாலு வரி எழுதியிருந்தாள். அதில் 'இதயம்' என்ற சொல்லைத் தொட்டால் ரத்த அழுத்தக் கருவி, பாதி விலைக்கு. அன்று இர்யா சாப்பிடவில்லை.

அவுலிஸிடம் கேட்டாள். "என் போன்ல ஒரு கோடும் இல்ல. ஐஸ் ஐஸாத்தான் இருக்கு. நீ கண்ணாடிய மாத்து" என்றார். அதுதான் உறுத்தியது. பக்கத்தில் விளம்பரம் போட்டால் சங்கத்துக்கு நாலு காசு வருமே என்று முந்தின வருடம் சொன்னவர் அவர். பக்கத்தின் கடவுச்சொல் தெரிந்தவர்களும் அவளும் அவருமாக இரண்டே பேர்.

பிப்ரவரியில் ஆண்டுக் கூட்டம். பழைய பள்ளிக் கட்டடத்தில் பதினான்கு பேர், காபி, ஏலக்காய் ரொட்டி. இர்யா பக்கத்தை வண்ணத்தில் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தாள். ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அச்சான காகிதத்தோடு அந்த ஊரில் யாரும் வாதாடுவதில்லை. ஒருவர்கூடத் தன் போனை எடுத்துப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

"எவ்வளவுக்கு வித்தே, அவுலிஸ்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

அவுலிஸ் தாளை நாலாக மடித்தார். "இத நான் செய்யல." பிறகு சங்கத்தின் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார், கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பனி நாற்பத்திரண்டு. போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. இர்யா அளவைச் சீக்கிரமாக ஏற்றிப் பார்த்தாள், தாமதமாக ஏற்றிப் பார்த்தாள். ஒரு நாள், வாழ்க்கையில் முதல் முறையாக, தப்பான அளவைப் போட்டாள். பத்து குறைத்துத்தான்; அதனால் யாரும் மூழ்கப்போவதில்லை. ஏன் என்று கேட்க ஒருவரும் கூப்பிடவில்லை. மதியம் அவளே திருத்தினாள்.

வியாழக்கிழமை நூலக வண்டிக்கு மடிக்கணினியை எடுத்துப்போனாள். அந்த வண்டிக்கு ஓட்டுநரும் நூலகரும் தார்மோ ஒருவன்தான். வண்டியிலிருந்த கணினியில் சங்கத்துப் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். சுத்தமாக இருந்தது.

"பக்கத்துல ஒண்ணும் இல்லீங்க. உங்க மெஷின்லதான் இருக்கு. நீங்க எதத் தொறந்தாலும் அதுமேல கோடு இழுக்குது. நெட்ல பேப்பர் படிக்கறப்ப வரலியா?"

"வரும். அவங்க எப்பவும் எதையாவது விக்கறவங்கதானேன்னு விட்டுட்டேன்."

"இந்தக் கோடு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்."

உலாவியோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்ன நிரல் ஒன்றைக் காட்டினான். 'இலவசப் பின்னல் மாதிரிகள்' என்று பெயர். "டிசம்பர் மூணாம் தேதி நீங்கதான் சேத்திருக்கீங்க." கம்பளிக் காலுறைக்குக் குதிகால் பின்னும் முறையைத் தேடியபோது எதற்கோ 'சரி' என்று அழுத்தியது இர்யாவுக்கு நினைவு வந்தது.

"எடுத்துடவா?"

"எடு."

வண்டியிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவுலிஸின் வீட்டில் புகை தெரிந்தது. வேலியிலிருந்து வாசல்வரை முழங்கால் ஆழத்துக்குப் பனி. பல நாளாக யாரும் அந்த வழியே வந்துபோன தடம் இல்லை. மடிக்கணினிப் பையை வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த பனிவாரியை எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசிப் படிக்கு வந்தபோது கதவு திறந்தது.

"என்ன பண்றே?"

"அது என் கம்ப்யூட்டர்லதான் இருந்துது. நானேதான் ஏத்தியிருக்கேன். தெரியாம."

அவுலிஸ் ஏரியைப் பார்த்தார்.

"பக்கத்துல எழுதிடறேன். பதினாலு பேருக்கும் தாள் அடிச்சுக் குடுத்துடறேன்."

"பெரிய எழுத்துல போடு."

"போடறேன்."

அவர் பாதையை வேலிவரை ஒருமுறை பார்த்தார். "கொட்டகைப் பக்கம் ஓரம் விட்டுப்போச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இர்யா படியிறங்கிப் போய், அந்த ஓரத்தையும் தரை தெரியும்வரை வாரினாள்.