எர்த்தக்காவின் மூலை

வண்டியில் எது எரிந்தாலும், எது எரியாவிட்டாலும், அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எர்த்து பாத்தீங்களா?" ஹாரன் கத்தவில்லை என்று வருகிறவரிடமும் அதே கேள்வி, ஹாரன் நிற்காமல் கத்துகிறது என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறவரிடமும் அதே கேள்வி. பத்துக்கு ஆறு தடவை அது சரியாகவும் இருந்து தொலைத்ததால், ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு எர்த்தக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. நசுங்கிய தகட்டை நிமிர்த்துகிற, அவளைவிடப் பத்து வயது மூத்த டிங்கர்கூட அக்கா என்றே கூப்பிட்டார். பட்டம் என்று வந்துவிட்டால் வயது ஒரு பொருட்டில்லை.

பாட்டரியிலிருந்து கிளம்புகிற மின்சாரம் வேலையை முடித்துவிட்டு மறுபடி பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். காரில் அது திரும்புவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்த உடம்போடு பாட்டரியின் கறுப்பு வயரை ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். எர்த் என்பது அவ்வளவுதான். மின்சாரம் போகிற வழியைப் பற்றிக் கவலைப்பட ஊரில் ஆயிரம் பேர் உண்டு. திரும்பி வருகிற வழியைப் பற்றிக் கவலைப்பட அந்த ஒர்க்‌ஷாப்பில் அவள் ஒருத்திதான்.

அதற்கு முன் பதினோரு வருடம் அவள் கார்களுக்கான வயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில் இருந்தாள். சாய்த்து வைத்த பெரிய பலகை, அதில் ஆணிகள், ஆணிக்கு ஆணி வயரை இழுத்து டேப் சுற்ற வேண்டும். எந்த நிற வயர் எங்கே பிரிந்து எந்த விளக்குக்குப் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு காருக்குள்ளும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். கம்பெனி வேறெங்கோ போய்விட்டபோது, கணவன் பெயிண்டராக இருந்த ஒர்க்‌ஷாப்பில் முதலாளி ஒரு மூலையைக் காட்டி, "தற்காலிகமா இங்க உக்காருங்க" என்றார். தற்காலிகம் நாலு வருடமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு மேசை, ஒரு மீட்டர், சுவரில் அவள் கையால் வரைந்த வயர்ப் படங்கள். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக ஓர் இடத்தைக் காட்டி என் இடம் என்று அவளால் சொல்ல முடிந்தது.

அந்த மூலைக்குத்தான் இப்போது ஆபத்து. கொண்டுவந்தது டிரைவிங் ஸ்கூல் டீச்சரின் சின்னக் கார்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கார் ஒரு மாணவரின் கையில், நின்றுகொண்டிருந்த லாரியில் போய் முட்டியது. முன்பக்க இடது மூலையை இங்கேதான் நிமிர்த்தி, இங்கேதான் பெயிண்ட் அடித்தார்கள். பளபளவென்று போன வண்டி மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. மழை வந்தால் டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறது, ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறது என்றார் டீச்சர். வெயிலில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் எரியாது. டாக்டர் வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோயாளிபோல அடக்கமாக நிற்கும்.

முதலாளிக்கு ஸ்கேனர் மேல் அபார நம்பிக்கை. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டியின் குறைகளை வரிசையாகச் சொல்லும் கருவி அது. சம்பந்தியைக்கூட அவர் அவ்வளவு நம்பியதில்லை. ஸ்கேனர் பதினோரு குறை சொன்னது. பாட்டரியை மாற்றினார், சக்கர சென்சாரை மாற்றினார், ஆல்டர்னேட்டரை மாற்றினார். அடுத்த மழையில் ஸ்கேனர் மறுபடியும் பதினோரு குறை சொன்னது. மிச்சமிருந்தது இஞ்சினுக்கு மூளையாக இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி.

எர்த்தக்கா எர்த் பார்க்கவில்லையா? முதல் நாளே பார்த்தாள். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் கறுப்பு வயரிலும் மறுமுனையை எர்த் போல்ட்டின் தலையிலும் வைத்தாள். இணைப்பு இருக்கிறது என்று மீட்டர் கீ என்று கத்தியது. "எர்த்து நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டாள். அவளே நல்லா இருக்கு என்று சொன்ன எர்த்தை வேறு யார் சந்தேகப்படுவது?

நேற்று நல்ல மழை. காலையிலேயே டீச்சர் வந்துவிட்டார்.

"கத்துக்க வர்றவங்களுக்கு என்னோட மொதப் பாடமே, செவப்பு லைட் எரிஞ்சா ஓரங்கட்டி நிறுத்துன்னுதான். நேத்து ஒரு மணி நேரத்துல ஒம்போது தடவ நிறுத்தினாங்க. டெஸ்ட்ல நிறுத்துறத மட்டும் கேட்டா எல்லாரும் பாஸு."

முதலாளி எர்த்தக்காவின் மூலைக்கு வந்து, கோபமில்லாத குரலில் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"அஞ்சு மணிக்குப் போன் பண்ணிப் புதுப் பெட்டிக்குச் சொல்லிடப் போறேன். அதுக்குள்ள என்ன காரணம்னு சொல்லும்மா. சும்மா 'சரியாயிடுச்சுண்ணே'ன்னா ஒத்துக்க மாட்டேன், அப்படிச் சரியாகித்தான் மூணு தடவ திரும்பி வந்திருக்கு. காரணம் வேணும். சொல்ல முடியலன்னா கோச்சுக்காத, இந்த மூலைய சீட் கவர்காரருக்கு விட்டுடறேன். அவரும் இடமில்லாம தெருவுல உக்காந்து தைக்கிறாரு."

"அப்ப நான்?"

"வீட்டுக்காரருக்கு ஒத்தாசையா பாலிஷ் போடு. ஒரே குடும்பம், ஒரே டிபார்ட்மென்ட்."

மத்தியானம் வரை வயர் வயராகப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருக்கிற வயரைப் போல எரிச்சலூட்டுவது உலகில் வேறில்லை. மூன்றரை மணிக்கு டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "மழைத் தண்ணிதான் எங்கியோ உள்ள எறங்குது" என்றார், நாலாவது முறையாக.

எர்த்தக்கா நிமிர்ந்தாள். "டீச்சர், மழை வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் என்ன பண்றது? நனைவேன்."

"அதில்ல. வண்டிக்குள்ள."

"வைப்பர் போடுவேன். லைட் போடுவேன். கண்ணாடில ஆவி படிஞ்சா ஃபேன். பின் கண்ணாடிக்கு ஹீட்டர்."

"எல்லாம் ஒண்ணா?"

"பின்ன, முறை வச்சா போடுவாங்க?"

மழை ஒரு குற்றமும் செய்யவில்லை. மழை வந்தால் மனிதர்கள் எல்லா சுவிட்சையும் போடுகிறார்கள். வண்டியில் ஓடுகிற மின்சாரம் பல மடங்காகிறது. அத்தனையும் ஒரே போல்ட் வழியாகத் திரும்பியாக வேண்டும். அவள் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் கறுப்பு வயரில் மாட்டினாள். மறுமுனையில் நீள வயரைச் சேர்த்து, கதவுப் பூட்டு வந்து மாட்டிக்கொள்கிற வெறும் இரும்பில் கவ்வவிட்டாள். இரண்டுக்கும் இடையில் வோல்ட் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும். டீச்சரை இஞ்சினைப் போடச் சொன்னாள். பூஜ்யமாகத்தான் இருந்தது.

"லைட் போடுங்க."

அரை வோல்ட்டைத் தாண்டியது.

"ஃபேன். ஃபுல்லா."

ஒன்று புள்ளி இரண்டு.

"வைப்பர். பின் கண்ணாடி ஹீட்டர்."

இரண்டு புள்ளி நாலு. அத்தனை வோல்ட்டும் திரும்புகிற வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக எல்லா விளக்கும் பூத்தன. வெளியே சுள்ளென்று வெயில். "ஐயோ, வந்துடுச்சு!" என்று டீச்சர் கத்தினார். வராத விருந்தாளி வந்ததுபோல இருந்தது அந்தக் குரல்.

எர்த்தக்காவுக்கும் சந்தோஷம்தான், அரை நிமிடம். பிறகு பாட்டரிக்குக் கீழே குனிந்து எர்த் போல்ட்டைப் பார்த்தாள். அது உட்கார்ந்திருந்த தகடு கண்ணாடிபோல மின்னியது. அவள் முகமே தெரிந்தது.

பெயிண்ட்டுக்குள் மின்சாரம் போகாது. முடுக்கும்போது போல்ட் எங்கோ கீறிவிட்ட இடுக்கில்தான் அது இத்தனை நாள் நெருக்கியடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

முதல் நாள் மீட்டர் முனையை அவள் போல்ட்டின் தலையில்தான் வைத்தாள். வயரும் போல்ட்டும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன, கத்தாமல் என்ன செய்யும்? பக்கத்துத் தகட்டில் அல்லவா வைத்திருக்க வேண்டும்? வைக்கவில்லை. வைத்தால் கீறல் விழும். அந்தப் பெயிண்ட்டில் கீறல் போட அவளுக்கு மனம் வரவில்லை. யார் அடித்தது என்று தெரியும். அவனோடுதான் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும்.

பெயிண்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. யார் கண்ணிலும் படாத இடத்துக்கும் அதே பெயிண்ட், அதே மூன்று கோட். "அங்க யாருங்க பாக்கப் போறாங்க?" என்று கேட்டால், "அடிக்கிறவன் நான் பாக்குறேன்ல?" என்பான். இப்படி ஒரு வேலைக்காரன் கிடைக்க முதலாளி போன பிறவியில் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வேலைதான் வண்டியைப் படுக்கப் போட்டிருந்தது.

நாலே முக்காலுக்கு அவள் பெயிண்ட் அறைக்குப் போனாள். சுற்றிலும் பிளாஸ்டிக் திரை, நடுவில் கம்பியில் தொங்கும் ஒரு கதவு. கோட் பாதியில் இருக்கும்போது அவன் யாரோடும் பேச மாட்டான். கையை மட்டும் உயர்த்தினான், இரு என்று. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக முகமூடியை இறக்கினான்.

"என்னங்க, டீச்சர் வண்டில, பாட்டரிக்குக் கீழ எர்த்து போல்ட் உக்கார்ற எடத்துல பெயிண்ட் அடிச்சீங்களா?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துட்டியா? இந்த ரெண்டு மாசத்துல ஒருத்தன் கண்ணுலயும் படலியேன்னு நெனச்சேன். மூணு கோட்டு. மேல பளபளப்புக்குக் கிளியர் வேற."

"போல்ட் ஓட்டைக்குள்ளயும்?"

"விடுவனா? துருப்பிடிச்சுடும்ல."

"அதனாலதான் லைட்டெல்லாம் எரியுது."

அவன் கையிலிருந்த ஸ்ப்ரே கன்னைக் கவனமாக ஆணியில் மாட்டினான்.

"பெயிண்ட் சரியில்லன்னு வண்டி திரும்பி வந்து பாத்திருக்கேன். ரொம்ப நல்லா இருக்குன்னு திரும்பி வர்றத இப்பதான் கேள்விப்படறேன்."

"முதலாளி காரணம் கேக்கறாரு. அஞ்சு மணிக்குள்ள."

"லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிடேன்."

"சொல்லலாம். அப்ப போல்ட் முடுக்கின டிங்கர் தலைல விழும்." அவள் தயங்கினாள். "முன்பக்கம் அடிவாங்கி வந்த வண்டி இன்னும் மூணு போயிருக்கே. அதுலயும் இப்படியா?"

"எல்லாத்துலயும்தான். ஆளுக்கொரு மாதிரி அடிக்க நான் என்ன அரைகுறையா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. மூன்று வண்டிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலம் இன்னும் முடியவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்தான்.

காருக்குப் பக்கத்தில் முதலாளி போனோடு நின்றிருந்தார். பெயிண்டர் அவரைக் கவனிக்கவில்லை. "இதுல எவ்வளவு காட்டணும்?" என்று மீட்டரைக் காட்டி மனைவியிடம் கேட்டான்.

"பூஜ்யத்துக்குப் பக்கம்."

போல்ட்டைக் கழற்றினான். டேப்பை எடுத்து, எர்த் வயரின் முனையிலிருக்கிற வளையம் உட்காருமளவுக்கு மட்டும் விட்டு, சுற்றி ஒட்டினான். உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினான். தன் கையால் அடித்ததைத் தானே தேய்த்து எடுக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது மனைவிக்கு மட்டும் தெரிந்தது.

"புருசனும் பொஞ்சாதியும் என்னதான் பண்றீங்க? மணி அஞ்சாகுது" என்றார் முதலாளி.

எர்த்தக்கா வாயைத் திறப்பதற்குள் அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "காரணம் கேட்டீங்களாமே. நான்தான் காரணம். போல்ட்டுக்கு அடில பெயிண்ட் அடிச்சு வழிய அடைச்சுட்டேன். இவதான் கண்டுபுடிச்சா."

"மொத நாளு நானும் தப்பாதாண்ணே பாத்தேன்" என்றாள் அவள். "போல்ட் தலைல வச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டேன்."

ஒரு குற்றத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு வந்தால் முதலாளி யாரைத் திட்டுவார்? டேப்பைப் பிரித்தபோது, பளபளக்கும் பெயிண்ட்டுக்கு நடுவே காம்பஸால் வரைந்ததுபோல ஒரு வெள்ளி வட்டம். போல்ட்டை முடுக்கினார்கள். டீச்சர் உள்ளே உட்கார்ந்து இருக்கிற சுவிட்சையெல்லாம் போட்டார். மீட்டர் பூஜ்யத்திலிருந்து நகரவே மாட்டேன் என்றது. ஆனால் டேஷ்போர்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள் பிடிவாதமாக எரிந்துகொண்டிருந்தன.

டீச்சரின் முகம் தொங்கியது. முதலாளி போனில் எண்ணைத் தேடினார்.

"இருங்கண்ணே" என்றாள் எர்த்தக்கா. "அது பழைய குறை. வண்டி ஞாபகம் வச்சிருக்கு, அவ்வளவுதான். அழிக்கணும். உங்க ஸ்கேனர எடுத்துட்டு வாங்க."

முதலாளி ஸ்கேனரைத் தாமே சொருகி, தாமே பொத்தானை அழுத்தினார். விளக்குகள் அணைந்தன. வண்டியை அணைத்துப் போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பதினோரு குறை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா டீச்சர், நம்ம மெஷின் பொய் சொல்லாது" என்றார் முதலாளி, எல்லாம் தம் கையால் நடந்ததுபோல. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, மூலை?" என்று கேட்டாள்.

"எந்த மூலை?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. பிறகு தெருப்பக்கம் திரும்பி, "சீட் கவர்காரரே! பின்னால இருக்கிற ஷெட்ட உங்களுக்குன்னு பாத்து வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தார். அப்படி ஒரு ஷெட்டை அவர் அந்த நிமிடம்தான் பார்த்து வைத்தார். "அந்த மூணு வண்டிக்காரங்களுக்கும் காலைல போன் போட்டு வரச்சொல்லுங்க. இனிமே எர்த்தக்கா பாக்காம எந்த வண்டியும் பெயிண்ட்டுக்குப் போகக் கூடாது."

மறுநாள் காலை, டிங்கர் வேலை முடிந்த ஒரு வெள்ளைக் காரை பெயிண்டரே தள்ளிக்கொண்டு வந்து அவள் மேசைக்கு எதிரில் நிறுத்தினான். ஒரு சாக்பீஸை நீட்டினான்.

"எங்கெங்க அடிக்கக் கூடாதுன்னு வட்டம் போடு."

அவள் குனிந்து, நிமிர்ந்து, படுத்து வட்டம் போட்டாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் அவன் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. ஏழாவது வட்டத்தில் பொறுக்க முடியவில்லை.

"இவ்வளவா?"

"இது இந்தப் பக்கம்" என்றாள் எர்த்தக்கா. "வண்டியக் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்க."